ஒரு தாள், இரண்டு அட்டை, இரண்டு பேர்: ஸ்டாம்ப் வாழ்த்து அட்டைக்கு ஓர் அறிமுகம்

ஒரே பூ ஸ்டாம்ப். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு வெள்ளைத் தாள்கள். இருவரும் தொட்டது கறுப்பு மைதான். தோழி தன் பூவுக்கு நீர்வண்ணம் பூசினாள். இதழ் இதழாக நிறம் நிரம்பியது, கறுப்புக் கோடு அசையாமல் நின்றது. அதே தூரிகையைக் கழுவி வாங்கி நானும் என் பூவில் வைத்தேன். கோடு கரைந்து சிவப்போடு கலந்து, பூ முழுக்கச் சாம்பல் படர்ந்துவிட்டது. "என் மை வேற, உன் மை வேற" என்று சொல்லி அவள் தன் ஸ்டாம்ப் பேடைத் திருப்பிக் காட்டினாள். அடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருந்தது. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை.

கையால் வாழ்த்து அட்டை செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஸ்டாம்பின் படத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். பூ, பறவை, பலூன், பூனைக்குட்டி என்று வாங்கிக் குவிக்கத் தோன்றும். ஆனால் அட்டை நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் மையும் தாளும் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் நான்கு ஸ்டாம்புகளை வைத்துக்கொண்டே நாற்பது விதமாகச் செய்யலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலையை நண்பர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். பேச்சுத்துணைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கைவேலை இரண்டு பேருக்கென்றே அமைந்தது போல இருக்கும், போகப் போக உங்களுக்கே தெரியும்.

ஸ்டாம்ப் எப்படி வேலை செய்கிறது

இங்கே ஸ்டாம்ப் என்று சொல்வது தபால்தலையை அல்ல. அலுவலகங்களில் 'டக்' என்று குத்துகிறார்களே, அந்த ரப்பர் ஸ்டாம்பின் குடும்பம் இது. மேடாக இருக்கும் பகுதி மையைத் தொடும், பள்ளம் தொடாது. மேடு தொட்டதைத் தாள் வாங்கிக்கொள்ளும். சிறுவயதில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்திருந்தால், இதன் அடிப்படை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ரப்பர். பெரும்பாலும் செந்நிறத்தில், மரக்கட்டையில் ஒட்டியபடி இருக்கும், நடுவில் மெத்தை போல ஒரு ஸ்பாஞ்சு அடுக்கும் இருக்கும். மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாக நிற்கும் என்று சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்து, 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த முறை இல்லாமல் ரப்பர் ஸ்டாம்பே இல்லை. மென்மையான ரோமக்கோடு வரைக்கும் ரப்பர் பிடித்துவைக்கும், வருடக்கணக்கில் உழைக்கும்.

மற்றொன்று கண்ணாடி போலத் தெரியும் 'கிளியர் ஸ்டாம்ப்'. ஒளி பட்டு இறுகும் ஒருவகை பாலிமரால் செய்தது. இதற்குக் கைப்பிடி கிடையாது. அக்ரிலிக் கட்டை ஒன்றின்மேல் வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் உரித்து எடுத்துவிடலாம். ஒரே கட்டை எல்லா ஸ்டாம்புக்கும் போதும். இதன் பெரிய வசதி, எங்கே பதிக்கிறோம் என்பது ஊடே தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். வெயில் படும் இடத்தில் வைத்தால் மஞ்சளாகிக் கெட்டியாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது கிளியர் ஸ்டாம்பை முதல்முறை மையில் தொடும்போது மை முத்து முத்தாகத் திரளும், படம் புள்ளி புள்ளியாக வரும். ஸ்டாம்ப் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தயாரிப்பில் பயன்படுத்தியதன் மெல்லிய படலம் மேலே இருக்கும். வெள்ளை அழிரப்பரால் மேற்பரப்பை மெதுவாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. பென்சிலின் பின்னால் இருக்கும் அழிரப்பர் ஒரு அழகான புள்ளி ஸ்டாம்ப். ஐந்து புள்ளி வட்டமாக, நடுவில் ஒன்று வைத்தால் பூ. பெரிய அழிரப்பரில் கூர்கத்தியால் இலை ஒன்றைச் செதுக்கிக்கொண்டால், அந்த ஓர் இலையைத் திருப்பித் திருப்பிப் பதித்தே ஒரு தோரணம் கட்டிவிடலாம்.

பதிக்கும்போது கை என்ன செய்ய வேண்டும்

நம் கை தானாகவே ஸ்டாம்பைப் பேடில் அழுத்தப் போகும். அதைத் தலைகீழாக்குங்கள். ஸ்டாம்பை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, பேடை எடுத்து அதன்மேல் மெதுவாகத் தட்டுங்கள். எங்கே மை பட்டது, எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஓங்கி ஒரு முறை அழுத்துவதைவிட மெல்ல நான்கைந்து தட்டு தட்டுவது நல்லது. அழுத்தினால் மை பள்ளத்துக்குள்ளும் இறங்கி, கோடுகள் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது பதிப்பது. நேராக இறக்கி, ஒரே சீராக அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். நன்றாகப் பதியட்டும் என்று முன்னும் பின்னும் ஆட்டினால் ஓரங்கள் இரட்டையாக விழும். கிளியர் ஸ்டாம்புக்கு மெத்தை கிடையாது, அதனால் தாளுக்கு அடியில் கொஞ்சம் மெத்தென்று ஏதாவது வேண்டும். பழைய மவுஸ் பேட் ஒன்று போதும். ரப்பரும் மரமும் என்றால் கெட்டியான மேசையே சரி.

முதல் அரை மணி நேரம் அட்டையைத் தொடாதீர்கள். வெறும் தாளில் இருவரும் பத்துப் பத்து முறை பதித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் கை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஒருவருக்குத் தனியாகத் தெரிவதே இல்லை. என் பதிப்புகளில் எப்போதும் வலப்பக்கம் அடர்த்தியாக, இடப்பக்கம் வெளிறிப் போயிருந்தது. தோழியின் தாளைப் பக்கத்தில் வைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. உட்காராமல் நின்றுகொண்டு அழுத்திப் பார் என்றாள். உடம்பின் எடை நேராக இறங்கியதும் சரியாகிவிட்டது.

தாளுக்கு ஒரு திசை உண்டு

அட்டைக்கு வேண்டியது கெட்டித் தாள். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. நகலெடுக்கும் சாதாரணத் தாள் 80 இருக்கும். அட்டையின் உடம்புக்கு 250 முதல் 300 வரை இருந்தால் மேசையில் நிமிர்ந்து நிற்கும். ஸ்டாம்ப் பதிக்க வழுவழுப்பான, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாத தாள் சிறந்தது. சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் நுணுக்கமான கோடுகள் விட்டு விட்டு விழும்.

அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். நீளம் பாதியாகும்படி குறுக்கே வெட்டினால் இரண்டு ஏ5 துண்டுகள். ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக மடித்தால் 105 × 148 அளவில் ஓர் அட்டை. சி6 என்ற உறை, 114 × 162 மில்லிமீட்டர், இந்த அளவுக்கென்றே இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு அட்டை, ஆளுக்கு ஒன்று. முன்பக்கம் ஒட்டும் துண்டை 100 × 143 என்று வெட்டினால் நாலு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர் ஓரம் விட்டு அழகாக உட்காரும். ஸ்டாம்ப் பதிப்பது அந்தத் துண்டில்தான். அங்கே தப்பு நேர்ந்தால் துண்டு மட்டும் போகும், அட்டை பிழைக்கும்.

மடிப்பில்தான் பலருக்கு மனம் உடையும். மடித்த இடத்தில் தாள் வெடித்து, ஓரம் பல் பல்லாக நிற்கும். மரப்பலகைக்கு இழை ஓடுவது போலத் தாளுக்கும் இழை ஓடும் திசை உண்டு. இயந்திரத்தில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசையிலேயே மடித்தால் வழுக்கிக்கொண்டு மடியும், குறுக்கே மடித்தால் நார் முறியும். தாளை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவின் வரியில்தான் இழை ஓடுகிறது.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை 297 மில்லிமீட்டர் நீளத்தின் போக்கிலேயே இருக்கும். மேலே சொன்னபடி வெட்டி மடித்தால், மடிப்புக்கோடு இழையோடு சேர்ந்தே வந்துவிடும். தாளை நீளவாட்டில் கீறி இரண்டு ஒல்லித் துண்டாக்கி, கூடாரம் மாதிரி நிற்கும் அட்டை செய்யப் போனால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். அப்போது கட்டாயம் முன்கூட்டியே கோடு அழுத்த வேண்டும். சொல்லப்போனால் எந்த மடிப்புக்குமே இதைச் செய்வது நல்லது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அளவுகோல் ஓரமாக அழுத்தி இழுத்தால் ஒரு பள்ளம் விழும். அதில் மடித்து, கரண்டியின் முதுகால் நீவிவிடுங்கள். போதும்.

மை: இங்கேதான் எல்லாம்

கடை அலமாரியில் இருபது முப்பது பேடுகள் ஒன்றுபோல உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பவை இரண்டு பெரிய குடும்பங்கள்: சாய மை, நிறமி மை. டை இங்க், பிக்மென்ட் இங்க் என்றுதான் பெட்டியில் போட்டிருப்பார்கள்.

ஒரு குவளைத் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டால் கரைந்து காணாமல் போகும். சாக்பீஸ் தூளைப் போட்டால் கரையாது. கலங்கி நிற்கும், விட்டுவைத்தால் அடியில் தங்கும். சாய மையில் நிறம் சர்க்கரை போலக் கரைந்திருக்கிறது. நிறமி மையில் நிறம் தூளாகவே மிதக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லாமே வரும்.

கரைந்த நிறம் தண்ணீரோடு சேர்ந்து தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அதனால் சாய மை சட்டென்று காயும். நாருக்குள் கறையாகப் போய்விடுவதால் அது கண்ணாடித் தாள் போல ஊடுருவித் தெரியும். மஞ்சள் தாளில் நீலச் சாய மை பதித்தால் பச்சையாகத் தெரிவது இதனால்தான். கறுப்புத் தாளில் பதித்தால் எதுவுமே தெரியாது. வெயில் படும் இடத்தில் வைத்த அட்டை நாளாக நாளாக வெளிறும்.

தூள் நாருக்குள் அவ்வளவாக இறங்காது, மேலேயே படுத்துக்கொள்ளும். அதனால் நிறமி மை காய நேரம் எடுக்கும். தாளின் நிறத்தை மறைத்துக்கொண்டு தன் நிறத்தைக் காட்டும். கறுப்புத் தாளில் வெள்ளைப் பூ வேண்டுமென்றால் நிறமி மைதான் வழி. வெளிச்சத்தில் இருந்தாலும் நிறம் நெடுநாள் நிற்கும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் மட்டும் இதைத் தனியே நம்பக் கூடாது. அந்தப் பூச்சு மையை உறிஞ்ச விடாது, சூடு காட்டாமல் காயவே காயாது. தோழி ஒரு முறை அப்படிப்பட்ட தாளில் நீல நிறமி மையால் பறவைக் கூட்டம் ஒன்றைப் பதித்தாள். அத்தனை அழகு. மறுநாள் உறையிலிருந்து எடுத்தபோது பறவைகளில் பாதி உறையின் உட்பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் முழுக்க ஆகியும் தொட்டால் விரலில் ஒட்டியது.

இவற்றுக்கு நடுவில் கலப்பு வகைகளும் உண்டு. கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் மேல் பதிக்கும் கரைப்பான் மைகளும் உண்டு. கரைப்பான் மை கிளியர் ஸ்டாம்பைக் கெடுக்கக்கூடும், காகித அட்டைக்கு அது தேவையும் இல்லை. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி என் சாம்பல் பூவுக்கு வருவோம். கோட்டுப் படம் பதித்து உள்ளே வண்ணம் தீட்டப் போகிறீர்கள் என்றால், தீட்டும் வண்ணம் எதில் கரையுமோ அதில் மை கரையக் கூடாது. மனதில் வைக்க வேண்டிய விதி இது ஒன்றுதான். நீர்வண்ணம் பூசுவதாக இருந்தால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாத மை வேண்டும். என்னுடையது சாதாரணச் சாய மை, ஈரத் தூரிகை பட்டதும் மறுபடி கரைந்துவிட்டது. ஆல்கஹால் மார்க்கர் என்றால் அதற்கு நேர்மாறு. தண்ணீருக்கு அசையாத சில மைகள் ஆல்கஹாலில் கசியும், மார்க்கரின் முனையையும் கறுப்பாக்கும். மார்க்கருக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே குறித்திருக்கும் மையை எடுங்கள். கலர் பென்சிலுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. காய்ந்த எந்த மைமேலும் தீட்டலாம். முதல் அட்டைக்குக் கலர் பென்சில்தான் என் தேர்வு.

அச்சில் கோடு, கையால் வண்ணம் என்ற இந்த முறைக்கு நல்ல வயதாகிறது. வணிகத்துக்காக அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். கல்லச்சில் கோடுகளை மட்டும் அச்சடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள். நாம் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்வதும் அதே வேலைதான் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

எதை முதலில் வாங்குவது? நீரில் கரையாத கறுப்பு ஒன்று. பிடித்த நிறத்தில் சாய மை இரண்டோ மூன்றோ. வெள்ளை நிறமி மை ஒன்று. இருவரும் பேசி வைத்துக்கொண்டு வேறு வேறு நிறம் வாங்கினால், சேர்ந்து உட்காரும்போது இரட்டிப்பாக இருக்கும். ஒரு தாளில் எல்லா மையையும் ஒரு முறை பதித்து, பக்கத்தில் பெயர் எழுதி, பாதியில் ஈரத் தூரிகையை இழுத்துப் பாருங்கள். எது கசிகிறது, எது நிற்கிறது என்ற உங்கள் சொந்த அட்டவணை அது. எனக்கு இன்றுவரை மிகவும் உதவும் தாள் அதுதான்.

ஒரு முறை தொட்டு இரண்டு முறை

சாய மையில் ஸ்டாம்பை ஒரு முறை தொட்டுப் பதியுங்கள். மறுபடி மை தொடாமல், அதே ஸ்டாம்பை இன்னொரு முறை பதியுங்கள். முதலாவது அடர்த்தியாக, இரண்டாவது மங்கலாக, பனியில் தெரிவது போல வரும். ஒரே பேடில் இரண்டு நிறம் கிடைத்த மாதிரி.

இதை இருவரும் சேர்ந்து செய்தால் அழகு இன்னும் கூடும். நான் என் அட்டையில் ஓர் இலையை அழுத்தமாகப் பதித்துவிட்டு, ஸ்டாம்பை அப்படியே தோழியிடம் கொடுப்பேன். அவள் தன் அட்டையில் அதன் நிழலைப் பதிப்பாள். அடுத்த இலை அவளிடமிருந்து தொடங்கும், நிழல் எனக்கு வரும். கடைசியில் இரண்டு அட்டையிலும் அடர்ந்த இலையும் மங்கிய இலையும் கலந்து, தூரத்தில் ஒரு வரிசை, கிட்டத்தில் ஒரு வரிசை என்று தோட்டத்துக்கு ஆழம் வந்துவிடும். மை ஸ்டாம்பிலேயே காய்வதற்குள் கை மாறியாக வேண்டும் என்பதால் வேகமும் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பது போலக் காட்டவும் ஒரு வழி உண்டு. பூவை அட்டையில் பதியுங்கள். அதே பூவை ஒட்டும் சிறு சீட்டு ஒன்றிலும் பதித்து, விளிம்போடு சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய பூவை அட்டையிலுள்ள பூவின்மேல் ஒட்டிவிட்டு, பாதி அதன்மேல் விழும்படி இலையைப் பதியுங்கள். சீட்டை உரித்தால் இலை பூவுக்குப் பின்னால் போயிருக்கும். முன்னால் நிற்க வேண்டியதைத்தான் முதலில் பதிக்க வேண்டும். இது முதலில் குழப்பும், மூன்றாவது அட்டையில் பழகிவிடும். சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வையுங்கள், பல முறை உதவும்.

பின்னணிக்கு நிறம் பரப்ப, சாய மை பேடில் மென்மையான பிரஷ்ஷையோ ஸ்பாஞ்சுத் துண்டையோ தொட்டு, தாளுக்கு வெளியே வட்டமாகச் சுற்றத் தொடங்கி மெல்ல உள்ளே வாருங்கள். நேராகத் தாளின்மேல் வைத்தால் திட்டு விழும், அதை எடுக்கவே முடியாது. வெளிர் நிறத்தை முதலில், அடர் நிறத்தைப் பின்னால். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இழைந்து கலக்கும். மஞ்சளும் ஊதாவும், நீலமும் ஆரஞ்சும் சந்தித்தால் சேற்று நிறம்தான்.

பொடியும் சூடும்

எழுத்து மேலெழும்பி, எனாமல் போல மின்னும் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அது எம்பாசிங் பவுடர். உருகக்கூடிய பிசினை மாவு போல நுணுக்கியது. காய நேரமெடுக்கும் மையால் பதித்து, ஈரமாக இருக்கும்போதே பொடியைக் கொட்டி, தாளைச் சாய்த்துத் தட்டினால் மை உள்ள இடத்தில் மட்டும் பொடி நிற்கும். நிறமி மை மெதுவாகக் காய்வது இங்கே வரமாகிவிடுகிறது. இதற்கென்றே நிறமில்லாத, ஒட்டும் தன்மையுள்ள மையும் கிடைக்கும். மீதிப் பொடியை மடித்த தாள் வழியாக டப்பாவிலேயே கொட்டிவிடலாம்.

பிறகு ஹீட் கன், கடும் சூட்டுக்காற்றை ஊதும் கருவி. தலைமுடி உலர்த்தும் டிரையரால் இது நடக்காது. அதன் காற்று பொடியைப் பறக்கவிடும், உருக்கும் அளவுக்குச் சூடும் வராது. ஹீட் கன்னைத் தாளுக்கு வெளியே சில நொடி ஓடவிட்டுச் சூடேறியதும் பொடிமேல் காட்டுங்கள். சொரசொரப்பாக இருந்தது ஓரிடத்தில் திடீரென்று பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஓடும் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போங்கள். மின்னியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் காட்டினால் உருகியது தாளுக்குள் இறங்கித் தட்டையாகிவிடும், தாளும் சுருண்டுகொள்ளும்.

விரல் பட்ட எண்ணெய்ப்பசையிலும் பொடி ஒட்டும். அதனால் பதிப்பதற்கு முன்பே சோளமாவோ முகப்பவுடரோ கொஞ்சம் துணியில் முடிந்து தாள்மேல் ஒத்தி எடுப்பார்கள். சூட்டு வேலையில் இரண்டு பேர் இருப்பது உண்மையிலேயே நிம்மதி. ஒருவர் பதித்த உடனே மற்றவர் பொடியைக் கொட்டலாம், மை காயும் பயம் இல்லை. ஒருவர் துணி கிளிப்பாலோ இடுக்கியாலோ தாளைப் பிடித்துக்கொள்ள மற்றவர் சூடு காட்டலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அணைத்த பிறகும் ஹீட் கன்னின் மூக்கு வெகுநேரம் சுடும், சிறுவர்கள் பக்கத்தில் இருந்தால் மிகவும் கவனம்.

தமிழில் ஒரு வரி

படம் பதித்தாயிற்று. அப்புறம் வாழ்த்து. ஆங்கில எழுத்து ஸ்டாம்புகள் 26 எழுத்துகளில் அடங்கிவிடும். நமக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247. உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனித் துண்டாக வைத்துச் சேர்த்தாலும் வரிசை கோணாமல் பதிப்பது கடினம். அதனால் நாங்கள் கண்டுகொண்ட வழி, திரும்பத் திரும்ப வேண்டிய ஒரே ஒரு சொல்லை அழிரப்பரில் செதுக்கிக்கொள்வது. 'வாழ்த்துகள்', 'நன்றி', 'அன்புடன்' போதும். மீதியைக் கையால் எழுதலாம்.

ஸ்டாம்பில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒரு முறையாவது மறப்போம். 'ப' எப்படிப் போட்டாலும் தப்பித்துக்கொள்ளும். 'ட' காட்டிக்கொடுத்துவிடும். தலைகீழாக யோசித்து எழுத முயலவே வேண்டாம். ஊடுருவித் தெரியும் டிரேசிங் தாளில் பென்சிலால் நேராக, நல்ல அழுத்தமாக எழுதுங்கள். எழுதிய பக்கத்தை அழிரப்பர்மேல் கவிழ்த்து, முதுகை நகத்தால் தேயுங்கள். பென்சில் கரி இறங்கி, எழுத்து தானாகவே இடவலம் மாறி உட்கார்ந்துவிடும். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை மட்டும் செதுக்கி எடுங்கள். கத்தியை உடம்புக்கு எதிர்த்திசையில் ஓட்டி, வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு இது மிகவும் உதவும்.

எழுத்து எப்படி இருந்தாலும் கையால் எழுதியது கையால் எழுதியதுதான். உங்கள் எழுத்து நன்றாக இல்லை என்று தோன்றினால் நண்பரிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம் என்பார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். பெறுகிறவர் பழைய பெட்டியைத் திறந்து தேடுவது உங்கள் எழுத்தைத்தான்.

முடித்துவைக்கும் முன்

ஸ்டாம்புகளை அன்றே துடைத்துவிடுங்கள். ஈரத்துணி போதும். ஆல்கஹால் கலக்காத ஈரக் காகிதமும் ஆகும். சாய மை கிளியர் ஸ்டாம்பில் கறையை விடும், அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. தேய்த்துத் தேய்த்து அதை எடுக்கப் போய் ஸ்டாம்பைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

அட்டையின் பின்புறம் ஓர் ஓரமாக, பென்சிலால் தேதியும் எந்த மை, எந்தத் தாள் என்பதும் எழுதி வைக்கிறோம். இருவரின் பெயரையும் எழுதுகிறோம், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் இருவரின் கையும் பட்டிருக்கிறது. ஒரு தாளிலிருந்து பிறந்த இரண்டு அட்டைகளில் ஒன்று அவள் அனுப்பப் போகிறவருக்கு, ஒன்று நான் அனுப்பப் போகிறவருக்கு. நிறமி மை உள்ளவற்றை உடனே உறையில் போடுவதில்லை. திறந்தபடி மேசையில் பரப்பி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம். காலையில் ஓரத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் மட்டும் உறை.